கப்பலில் போன் எந்த டவரைப் பிடிக்கிறது?

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் போய்வரும் உல்லாசக் கப்பல்களில் போக நினைக்கும் உறவினர்கள் என்னிடம் நிறைய விசாரிப்பார்கள். பால்கனி அறை வேண்டுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, அலையில் தலை சுற்றுமா, சூட்கேஸை எப்போது கொடுக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் கேட்பார்கள். போனைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கப்பல் மரினா பேயிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரம் ஆன பிறகு, "ரோமிங் ஆன்லயே இருக்கே, பரவாயில்லையா?" என்று ஒரு மெசேஜ் வரும். அதற்குள் பாதி செலவு ஆகியிருக்கும்.

இந்தப் பாதையில் நானும் அக்கா குடும்பமும் சில தடவை போய்வந்திருக்கிறோம். ஒரு தடவை கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அப்பா, அம்மாவையும் அழைத்துப் போனோம். எங்களிடம் சிங்கப்பூர் சிம், அவர்களிடம் இந்திய சிம், அக்கா பிள்ளைகளிடம் நாள் முழுக்க இணையம் கேட்கும் போன்கள். இத்தனையையும் ஒரே கப்பலில் அடக்கியதில்தான் விஷயம் பிடிபட்டது. கடலில் செலவு நிமிடக் கணக்கையோ ஜிபி கணக்கையோ பொறுத்தது அல்ல. அந்த நேரத்தில் போன் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கப்பலில் போன் மூன்றில் ஒன்றைப் பிடிக்கலாம். கரையில் இருக்கும் மலேசிய, இந்தோனேசிய, தாய்லாந்து டவர்கள் ஒன்று. கப்பலுக்குள் விற்கப்படும் வைஃபை இன்னொன்று. மூன்றாவது, கப்பலின் சொந்த டவர். முதலிரண்டும் என்ன விலை என்று முன்பே தெரிந்துகொண்டு வாங்கக்கூடியவை. மூன்றாவது இருப்பதே பலருக்குத் தெரியாது, பில்லில்தான் தெரியவரும்.

பெரிய கப்பல்களில் நடைபாதைக் கூரைகளிலும் பொதுக்கூடங்களிலும் சிறு சிறு செல்போன் ஆன்டெனாக்கள் பொருத்தியிருப்பார்கள். நம் சாதாரண போனுக்கு அது இன்னொரு வெளிநாட்டு நெட்வொர்க் மாதிரிதான் தெரியும். நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அதுவே போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து பேச்சும் டேட்டாவும் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குப் போகும். திரையின் மேல் மூலையில் 'செல்லுலர் அட் சீ' என்றோ 'டெலினார் மாரிடைம்' என்றோ பெயர் வந்தால், அல்லது பெயருக்குப் பதிலாக 901 என்று தொடங்கும் எண் வந்தால், கப்பல் டவரில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். 901 எந்த நாட்டுக்கும் உரிய எண் அல்ல. நாடு கடந்த நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதனால்தான் நம் ரோமிங் பேக்கில் இருக்கும் நாடுகளின் பட்டியலில் அது பொதுவாக வருவதில்லை. விமானம், கப்பல் இரண்டுக்கும் தனி விலைப்பட்டியல் இருக்கும், பெரும்பாலும் இணையப் பக்கத்தின் அடியில்.

அந்த விலை எப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. பேக் இல்லாத டேட்டாவைப் பல நிறுவனங்கள் 10 கேபி துண்டுகளாகத்தான் கணக்கிடும். ஒரு துண்டுக்கு 10 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். போனில் எடுத்த ஒரு படம் 3 எம்பி இருக்கும், அதாவது ஏறத்தாழ 300 துண்டு. ஒரே ஒரு படம் பின்னணியில் தானாக கூகுள் போட்டோஸுக்கு ஏறினால் 30 டாலர். சூரிய அஸ்தமனத்தை யாராவது ஒரு படத்தோடு விடுவார்களா?

ஒரு பயணத்தின் கடைசி நாள் காலை வரவேற்பு மேசையில் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்த ஒருவர் ஊழியரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். போஸ்ட்பெய்டு சிம். அவருடைய நிறுவனத்திலிருந்து மூன்று இலக்க டாலர் மதிப்புக்கு எச்சரிக்கை மெசேஜ் வந்திருந்தது. "நான் போனையே தொடலைங்க, சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கிட்டேன்" என்றார். ஊழியருக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. கப்பலின் பில் வேறு, சிம் நிறுவனத்தின் பில் வேறு.

அவரோடு பேசியபோது காரணம் புரிந்தது. சிங்கப்பூரில் சுற்றிப்பார்க்க இந்தியாவிலேயே ரோமிங் பேக் வாங்கியிருக்கிறார். அது வேலை செய்ய டேட்டா ரோமிங்கை ஆன் செய்தாக வேண்டும், செய்திருக்கிறார். இரண்டு நாள் நன்றாகவே ஓடியது. அதே நிலையில் கப்பலில் ஏறினார். கரை டவர் மங்கியதும் போன் கப்பல் டவருக்குத் தாவியது, ரோமிங் சுவிட்ச் திறந்தே கிடந்தது. அவர் செய்த எதுவும் அலட்சியம் இல்லை. நாடுகளுக்கான பேக்கை வாங்கினால் எல்லோரும் செய்வது அதைத்தான். அதனால் இந்தியாவிலிருந்து பேக்கோடு வரும் யாரிடமும் நான் முதலில் சொல்வது, கப்பலின் படியில் கால் வைக்கும்போதே அந்த சுவிட்சை மூடுங்கள் என்பதுதான். ப்ரீபெய்டு என்றால் இருக்கிற காசோடு போய்விடும். போஸ்ட்பெய்டு அப்படி நிற்காது.

ஃபிளைட் மோடு போட்டுவிட்டு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்வது எல்லோரும் சொல்லும் வழி. சரியான வழிதான். ஆனால் வயதானவர்கள் கையில் அது நிலைக்காது. திரையை மேலிருந்து இழுத்து டார்ச் தேடும்போது விரல் பட்டு ஃபிளைட் மோடு போய்விடும், அவர்களுக்கே தெரியாது. அப்பா போனில் இது நடப்பதை ஏறுவதற்கு முன்பே வீட்டில் பார்த்துவிட்டதால், அமைப்புகளில் போய் அவருடைய சிம்மையே அணைத்துவைத்தேன். அம்மாவுடையது பழைய போன், அந்த வசதி இல்லை. சிம்மைக் கழற்றிச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு பாஸ்போர்ட் அட்டைக்குள் செருகினோம்.

"சிம் இல்லாம வாட்ஸப் எப்படிடா வரும்?" என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

"வரும்மா. அதுக்கு நம்பர் ஒரு தடவை பதிவானா போதும். வைஃபை இருந்தா ஓடும்."

அது உண்மைதான். இடையில் வேறு சிம் போட்டால் 'எண்ணை மாற்றிவிட்டீர்களா' என்று வாட்ஸப் கேட்கலாம். இல்லை, பழையதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

இன்னும் சில சுவிட்சுகள் ஒளிந்திருக்கின்றன. ஐபோனில் 'வைஃபை அசிஸ்ட்' என்று ஒன்று உண்டு. வைஃபை பலவீனமாக இருந்தால் நமக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும். கப்பலில் வைஃபை பலவீனமாகாத நேரம் எது? ரோமிங்கில் இருக்கும்போது அது தாவாது என்று ஆப்பிள் சொல்கிறது. ஆனாலும் அதை அணைத்துவைப்பது நல்லது. இரண்டு சிம் வைத்திருப்பவர்கள், ஒன்றில் டேட்டா கிடைக்காவிட்டால் மற்றதற்கு மாறும் அனுமதியையும் எடுத்துவிட வேண்டும். படங்களின் தானியங்கி பேக்கப், செயலிகளின் அப்டேட், வாட்ஸப்பில் வீடியோக்கள் தானாக இறங்குவது ஆகிய மூன்றும் வேண்டாம். அழைப்புத் திருப்பல் (கால் ஃபார்வர்டிங்) போட்டிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் நாம் எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பிப்போகும்போது வந்ததற்கும் போனதற்கும் சேர்த்துக் கட்டணம் விழலாம். ஊரிலேயே ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும்.

இதெல்லாம் செலவைத் தடுப்பது. தொடர்பு எப்படிக் கிடைக்கும் என்று பார்த்தால், இந்தப் பாதைக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. நடு அட்லாண்டிக் மாதிரி நாள்கணக்கில் கரையே தெரியாத கடல் அல்ல இது. மலாக்கா நீரிணை வழியாகத்தான் கப்பல் போகிறது, இரு பக்கமும் நிலம். மரினா பேயிலிருந்து கிளம்பி மேற்கே திரும்பியதும் இடது பக்கம் பாத்தாம் தீவின் கட்டடங்கள் கண்ணுக்கே தெரியும். சிங்கப்பூரில் செந்தோசா கடற்கரையில் நின்றாலே சில போன்கள் இந்தோனேசிய டவரைப் பிடித்துவிடும், அவ்வளவு நெருக்கம். அதைத் தாண்டினால் வலது பக்கம் ஜொகூர், பிறகு மலாக்காக் கரை.

நீரிணையின் தெற்குப் பகுதியில் கப்பல்களுக்கு இருவழிச் சாலை மாதிரி தடம் பிரித்திருக்கிறார்கள், எல்லோரும் வலப்பக்கமாகப் போக வேண்டும். அதனால் வடக்கே பினாங்குக்குப் போகும்போது கப்பல் மலேசியப் பக்கத் தடத்தில் போகும், சிங்கப்பூருக்குத் திரும்பும்போது சுமத்ரா பக்கத் தடத்தில் வரும். போன் விஷயத்தில் இது நேரடியாகப் பயன்படுகிறது. போகும்போது வலப்பக்கப் பால்கனியில் நின்றால் மலேசிய சிக்னல் இரண்டு மூன்று கட்டம் வரும், போகும், மறுபடி வரும். திரும்பும்போது அதே வலப்பக்கத்தில் இந்தோனேசிய சிக்னல் வரும். கேபினுக்குள் வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினால் இரண்டும் போய்விடும், சுற்றிலும் இரும்பு. ஜன்னல் இல்லாத உள்கேபின் எடுத்தவர்கள் மேல்தளத்துக்குத்தான் ஏறியாக வேண்டும்.

இப்போது சிங்கப்பூரில் விற்கும் பல மாதாந்திரத் திட்டங்களில் மலேசியா, இந்தோனேசியாவுக்குச் சில ஜிபி ரோமிங் சேர்த்தே கொடுக்கிறார்கள், சிலவற்றில் தாய்லாந்தும் உண்டு. நம் திட்டத்தில் அது இருந்தால் பால்கனியில் கிடைக்கும் கரை சிக்னலுக்குக் கூடுதல் செலவே இல்லை. ஆனால் அதைப் பயன்படுத்த ரோமிங்கைத் திறக்க வேண்டுமே, திறந்தால் கப்பல் டவர் வந்து ஒட்டிக்கொள்ளுமே? கரைக்குப் பக்கத்தில், சுமார் 12 கடல் மைலுக்குள், கப்பல்கள் தங்கள் டவரை அணைத்துவைப்பது வழக்கம். ஆனால் எந்த நிமிடம் அணைக்கிறார்கள், எந்த நிமிடம் போடுகிறார்கள் என்று நமக்கு அறிவிப்பு எதுவும் வராது. அதை நம்பி ரோமிங்கைத் திறந்துவிட்டு உட்கார முடியாது.

இதற்கு நான் செய்வது நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுப்பது. அமைப்புகளில் 'நெட்வொர்க் தேர்வு' என்று இருக்கும், அதில் 'தானியங்கி' என்பதை எடுத்துவிட்டால் ஒரு நிமிடம் தேடி, கிடைக்கும் பெயர்களைப் பட்டியலாகக் காட்டும். மேக்சிஸ், செல்காம்டிஜி, யு மொபைல் என்று மலேசியப் பெயர்கள் வரும். நம் நிறுவனம் யாரோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறதோ அதைத் தொட்டால் போன் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். அது போய்விட்டால் 'சேவை இல்லை' என்று காட்டுமே தவிர, கப்பல் டவருக்குத் தாவாது. சில ஆண்ட்ராய்டு போன்கள் மட்டும் கொஞ்ச நேரம் கழித்துத் தாமாகவே தானியங்கிக்குத் திரும்புகின்றன. அதனால் வேலை முடிந்ததும் ரோமிங்கையும் மூடிவிடுவது நல்லது. அக்கா மகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. மாலையில் பால்கனியில் உட்கார்ந்து, "மாமா, மேக்சிஸ் வந்துடுச்சு" என்று கத்துவாள். நாங்கள் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பார்க்கிறவர்களுக்கு என்னவோ கப்பல் மூழ்குகிறது என்று தோன்றியிருக்கும்.

துறைமுகத்தில் கட்டியிருக்கும்போதும், புக்கெட்டில் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும்போதும் கரை சிக்னல் தாராளம். கப்பலை விட்டு இறங்க வேண்டியதே இல்லை. கரையைப் பார்த்த பக்கம் உட்கார்ந்தாலே போதும். வெயிலில் இறங்க மனமில்லாத அம்மா படோங்கில் அப்படித்தான் காலை முழுக்கக் கழித்தார். தாய்லாந்து பேக் இருந்த அக்காவின் போனில், டெக்கில் நாற்காலி போட்டுக்கொண்டு, ஊரில் இருக்கும் சித்திகள் எல்லோரோடும் பேசி முடித்தார்.

சரி, கப்பல் வைஃபை. கொஞ்ச வருடம் முன்னால் வரை இதற்குக் காசு கொடுப்பது வயிற்றெரிச்சலாக இருக்கும். பழைய செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. நாம் சொன்னது அங்கே போய் இறங்கி, பதில் அதே வழியில் வருவதற்கு அரை நொடிக்கு மேல் ஆகும். வாட்ஸப்பில் பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒரே நேரத்தில் நிறுத்துவோம், 'ஹலோ' மட்டுமே மிஞ்சும். இப்போது பல கப்பல்கள் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையத்துக்கு மாறிவிட்டன. ராயல் கரீபியன் 2022 ஆகஸ்டில் தன் கப்பல்கள் எல்லாவற்றிலும் அதைப் பொருத்தப்போவதாக அறிவித்தது. அந்தச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் தாமதம் கிட்டத்தட்ட தெரியாது. வீடியோ அழைப்பே நன்றாக வருகிறது. பதிவு செய்யும் முன் அந்தக் கப்பலில் ஸ்டார்லிங்க் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், காசுக்கு என்ன கிடைக்கும் என்பது தெரிந்துவிடும்.

விலை கப்பலுக்குக் கப்பல் மாறும். பெரிய கப்பல்களில் ஒரு சாதனத்துக்கு ஒரு நாளைக்கு 20 அமெரிக்க டாலர், அதற்கு மேலும் கேட்பது சாதாரணம். ஏறுவதற்கு முன்பே இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் குறைவு. ஏறிய பிறகு வாங்குவதுதான் இருப்பதிலேயே அதிகம். சாதனம் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள், ஆள் அல்ல. ஒரு சாதனப் பேக்கை வீட்டில் நான்கு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், ஒருவர் வெளியேறினால் இன்னொருவர் உள்ளே போகலாம். அதுதான் நாங்கள் செய்தது. எட்டுப் பேருக்கு ஒரே பேக்.

பிள்ளைகள் முதல் நாள் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தான்தான் ஒரு முறை வைத்தார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா, அம்மாவுக்கு, மதியம் அத்தானின் ஆபீஸ் மின்னஞ்சலுக்கு, ராத்திரி சாப்பிட்டு வந்ததும் பிள்ளைகளுக்கு. யார் முடித்தாலும் வெளியேறு பொத்தானை அழுத்திவிட்டுத்தான் போனைக் கீழே வைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவர் உள்ளே போகும்போது 'வேறு சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்று வரும், அந்த வேறு சாதனம் நீச்சல் குளத்துப் பக்கம் துண்டுக்கு அடியில் கிடக்கும். ஒரு பேக்கை வாங்கி ஹாட்ஸ்பாட்டிலோ கொண்டுபோன ரவுட்டரிலோ பகிர்ந்துகொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். ரவுட்டரைப் பல கப்பல்களில் தடைசெய்யப்பட்ட பொருள் பட்டியலிலேயே போட்டிருக்கிறார்கள், ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்த வம்பு தேவையில்லை.

சில கப்பல்களில் 24 மணி நேரப் பேக்கும் உண்டு. நாம் உள்ளே நுழையும் நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் ஓடும். மூன்று நான்கு இரவுப் பயணத்தில், எந்தத் துறைமுகமும் இல்லாத கடல் நாள் ஒன்றுதான் வரும். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரை ஓடும்படி வாங்கினால் இரண்டு சாயங்காலங்களும் கணக்கில் வந்துவிடும். மற்ற நாளெல்லாம் கரை சிக்னலே போதும். எங்களைப் போல ஆபீஸ் மின்னஞ்சல் பார்க்கிற ஆள் கூட இல்லையென்றால், முழுப் பயணத்துக்கும் பேக் வாங்குவது வீண் என்பதுதான் என் கருத்து. வீண் என்றேனே தவிர, வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு அடைபட்டிருப்பவர்களின் கணக்கு வேறு.

கப்பலுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் தேடுவதற்கு இதில் எதுவும் வேண்டாம். வைஃபையோடு இணைந்துகொள்வது இலவசம். காசு இணையத்துக்குத்தான். இணைந்துகொண்டாலே கப்பலின் செயலி வேலை செய்யும். அன்றைய நிகழ்ச்சிகள், எந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் என்ன, கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது எல்லாம் அதில் தெரியும். பல கப்பல்களில் அதற்குள்ளேயே மெசேஜ் அனுப்பிக்கொள்ளலாம், சிலவற்றில் அதற்கு மட்டும் சிறு கட்டணம் உண்டு. செயலியை ஊரிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும், கப்பலில் இறக்கலாம் என்று விட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கும் அந்த முதல் மதியத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்பாவுக்குச் செயலியெல்லாம் ஒத்துவரவில்லை. அவருக்குக் கேபினில் இருக்கும் கம்பி போன்தான் பிடித்தது. அறைக்கு அறை பேச அது இலவசம், அறை எண்ணை அழுத்தினால் போதும். அதிலிருந்து வெளியூருக்குப் பேசினால் செயற்கைக்கோள் கட்டணம், நிமிடத்துக்குப் பல டாலர். அதை மட்டும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைத்தோம். கேபின் கதவும் சுவரும் இரும்பு என்பதால் காந்தம் ஒட்டும். அக்கா குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இரண்டு காந்தத்தைக் கொண்டுவந்திருந்தாள். "குளத்துக்குப் போகிறோம், 4 மணிக்கு வருவோம்" என்று எழுதிக் கதவில் ஒட்டிவிடுவோம். எட்டுப் பேருக்கு நடுவில் அதுதான் அதிகம் பயன்பட்ட தகவல் தொடர்பு என்று சொன்னால் அக்கா மகன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

நான்கு மணி என்று எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்தும் சுமத்ராவும் ஒரு மணி நேரம் பின்னால். பால்கனியில் போன் இந்தோனேசிய டவரை ஒரு நிமிடம் பிடித்தால்கூட, தானியங்கி நேரம் என்ற அமைப்பு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடும். கப்பலோ தன் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அத்தான் போனில் மணி 6:40, சாப்பாட்டுக்கூடத்தில் அது 7:40, எங்கள் மேசையில் இனிப்பு வந்துவிட்டது. சாப்பாடு என்றால் பரவாயில்லை. படோங்கில் கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு எந்த நேரக் கணக்கில் என்பது விளையாட்டு அல்ல. அன்றன்றைக்கு வரும் நிகழ்ச்சித்தாளில் கப்பல் நேரம் என்ன என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, போனில் தானியங்கி நேரத்தை அணைத்துக் கையால் வைத்துக்கொள்வோம். அப்பா கையில் கட்டியிருந்த பழைய எச்எம்டி கடிகாரத்துக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை என்பதைப் பயணம் முழுக்க அவர் சொல்லிக்காட்டினார்.

பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் நடுவிலேயே இருக்கிறது. இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. சிங்கப்பூர்த் திட்டம் இல்லாதவர்கள் அங்கே மலேசிய ப்ரீபெய்டு சிம் வாங்கிக்கொள்ளலாம், பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். சில பத்து ரிங்கிட்டில் முடிந்துவிடும். ஆனால் கப்பல் அங்கே நிற்பது சில மணி நேரம்தான். அதில் கடை தேடி, வரிசையில் நின்று, பதிவு முடிவதற்குள் பாதி ஊர் போய்விடும். இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) போடும் போன் என்றால் ஊரிலேயே வாங்கி உள்ளே ஏற்றிவைத்துவிட்டு, துறைமுகத்தில் ஆன் செய்வதுதான் நல்லது. மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா சேர்ந்த ஒரே வட்டார இசிம்கள் நிறைய கிடைக்கின்றன. அவை கரைக்குத்தான், கப்பல் டவருக்கு அல்ல. கப்பலுக்கும் சேர்த்து இசிம் விற்பவர்கள் உண்டு, கிக்ஸ்கை அப்படி ஒன்று. ஆனால் விலையைக் கப்பல் வைஃபையோடு வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், இந்தப் பாதைக்கு எனக்கு அது கட்டுப்படியாகவில்லை.

அப்பாவின் இந்திய சிம்மைப் பினாங்கில்தான் உயிர்ப்பித்தோம். அவருக்குக் காப்பீட்டு பிரீமியம் கட்ட வேண்டியிருந்தது, வங்கியின் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில்தான் வரும். இந்திய சிம்களுக்கு வெளிநாட்டில் எஸ்எம்எஸ் வருவது பொதுவாக இலவசம், அனுப்புவதற்குத்தான் காசு. அதனால் சிம்மை ஆன் செய்து டேட்டா ரோமிங்கை மட்டும் மூடியே வைத்தோம். பணம் கட்டும் பக்கத்தைத் திறக்க என் போனின் ஹாட்ஸ்பாட். குயீன் தெருவில் 1833-இல் எழும்பிய மகா மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கட்டினோம். சிம்மை ஆன் செய்ததும் முந்தின நாள் வந்து காத்திருந்த மெசேஜ்கள் சரசரவென்று இறங்கின, அவற்றில் காலாவதியான ஓடிபிகளும் இருந்தன. பேரன் எங்கேயோ எதையோ வாங்கப் பார்த்திருக்கிறான். "யாருடா என் கார்டுல?" என்று அப்பா பதறியதில் டீ ஆறிவிட்டது. கடல் நாளில் ஓடிபி கேட்கும் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கட்ட வேண்டியதை முன்பே கட்டுங்கள், அல்லது துறைமுக நாளுக்குத் தள்ளுங்கள்.

இதே ஊரில் வரைபடத்துக்கு இணையமே தேவைப்படவில்லை. கூகுள் மேப்ஸில் பினாங்கையும் புக்கெட்டையும் சிங்கப்பூரிலேயே இறக்கிவைத்திருந்தேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வருவது, அதற்கு டேட்டா வேண்டாம். ஃபிளைட் மோடிலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று நீலப் புள்ளி காட்டும். நடுக்கடலில் மேல்தளத்தில் நின்று, கப்பல் மலாக்காவைத் தாண்டுகிறதா, போர்ட் கிள்ளான் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்கும் அதையே பயன்படுத்தலாம். கரை சிக்னல் எப்போது வரும் என்று ஊகிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள் மத்தியதரைக் கடலில் போகும்போது இன்னொரு தவறான நம்பிக்கையில் இருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூனிலிருந்து ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பது சரி. ஆனால் அது கரை டவர்களுக்குத்தான். பார்சிலோனாவில் இலவசமாக ஓடிய அதே சிம், கப்பல் டவரைப் பிடித்தால் அந்தச் சலுகைக்கு வெளியே போய்விடும். கரையில் இலவசம் என்று பழகியவர்கள் ரோமிங்கை எப்போதுமே திறந்துவைத்திருப்பதால், இதில் அதிகம் மாட்டுவது அவர்கள்தான்.

திரும்பி வந்து சேர்ந்த பிறகும் இரண்டு வேலை இருக்கிறது. ரோமிங் கணக்கு உடனே வராது, வெளிநாட்டு நெட்வொர்க் அனுப்பும் பதிவுகள் சில வாரம் கழித்தும் வரும். அதனால் அந்த மாத பில்லோடு நிறுத்தாமல் அடுத்த மாத பில்லையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரு சாதனத்தின் வைஃபை பேக் காசும், அக்காவின் தாய்லாந்து பேக்கும்தான், எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட வராது. இரண்டாவது வேலையை இறங்கும் வரிசையிலேயே செய்துவிடுங்கள். கையால் தேர்ந்தெடுத்த நெட்வொர்க்கை மறுபடி தானியங்கிக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் போன் சிங்கப்பூரில் நின்றுகொண்டு மலேசிய டவரையே தேடிக்கொண்டிருக்கும். மரினா பே முனையத்தில் டாக்சிக்குக் காத்திருந்தபோது, "எனக்கு மட்டும் சிக்னலே வரலையே, போன் போச்சா?" என்று அத்தான் கேட்டதற்குக் காரணம் அதுதான். டாக்சியில் போகும்போது அக்கா மகள் வாங்கிச் சரிசெய்து கொடுத்தாள்.